மூலைத் தாழிச் சரக்கு

ஜும்பேர் மண்ணில் புதைந்த ஒயின் தாழிக்குள் இறங்கியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சட்டை, பேண்ட், சாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றி மடித்து ஓரமாக வைத்தார். ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு, அணையாமல் எரிகிறதா என்று பார்த்தார். மனைவி லமாரா அப்படிச் செய்வதை வாசற்படியில் காப்பி குடித்தபடி இவர் பல வசந்த காலங்கள் கவனித்திருக்கிறார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, தாழியின் வாயில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, இரண்டு கையையும் உயர்த்திச் சறுக்கினார். தொப்பை கழுத்தில் ஒரு கணம் நின்று யோசித்தது. மிச்ச உடம்பு அதைக் கேட்கவில்லை. தொப்பென்று அடியில் போய் நின்றார். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தாழியின் வாய், ஒரு தாம்பாளம் அகலத்துக்கு வெளிச்சம்.

குறையெல்லாம் ஏறுவதில்தான்.

விளிம்பைப் பிடித்து எம்பினார். தலை வந்தது. தோள் ஒரு பக்கமாக வந்தது. தொப்பை வரவே வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எம்பினார். மூச்சோடு சேர்ந்து அதுவும் பெரிதானது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்கு அகலம் ஒன்றுதான். மூன்றாவது தடவை வழுக்கி விழுந்து, முழங்கால் சிராய்ந்து, தாழிக்குள் குந்தி உட்கார்ந்தபோது காலை மணி பத்தே கால். விருந்தாளிகள் பன்னிரண்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். தலைநகர் திபிலிசிக்காரர்கள் பன்னிரண்டு என்றால் இரண்டு. நேரம் கிடக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

எல்லாம் பேச்சால் வந்த வினை. ஜார்ஜியாவில் குர்ஜானி வட்டாரத்தின் கலாச்சார மாளிகைக்கு இருபத்திரண்டு வருடம் இயக்குநராக இருந்தவர் ஜும்பேர். மாளிகையை மூடிவிட்டார்கள், பேச்சை மூட ஆளில்லை. திராட்சைத் தோட்டம் லமாராவின் அப்பா வழியில் வந்தது. வேலையும் அந்த வழியிலேயே வந்தது. கவாத்து, கொடி கட்டுவது, பழம் மிதிப்பது, தாழிக்குள் இறங்கிச் செர்ரிப்பட்டைத் துடைப்பத்தால் தேய்ப்பது, களிமண் வைத்து மூடுவது எல்லாம் அவள். பாட்டிலில் லேபிள் ஒட்டுவதும், ஒட்டிய பிறகு அந்த ஒயினைப் பற்றிப் பேசுவதும் இவர். லேபிளில் ‘ஜும்பேரின் கை’ என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தது. ஒட்டிய கை அவருடையதுதான் என்பதால் அதை முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது.

போன இலையுதிர் காலத்தில் திபிலிசியில் ஒரு விருந்து. எட்டாவது கோப்பையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெசாரியோன் என்ற பெரிய மனிதரிடம், தன் தாழிகளைத் தானே இறங்கிக் கழுவுவதாகவும், மூலையில் இருக்கும் பெரிய தாழி தன் தகப்பனாருடையது என்றும், அதற்குள் நிற்கும்போது அவருடைய மூச்சே கேட்கும் என்றும் சொல்லிவிட்டார். தகப்பனார் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். தாழியை லமாரா கழுதை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தாள். ஆனால் பெசாரியோன் சும்மா கேட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. அவர் ‘மாரணி நாயகர் சபை’யின் தலைவர். மாரணி என்றால் தாழிகள் கழுத்துவரை புதைந்திருக்கும் ஒயின் அறை. பெசாரியோன் குடியிருப்பது ஒன்பதாம் மாடி. சபைப் பத்திரிகையில் நான்கு பக்கம் எழுதினார். ‘தாயின் கருவறைக்குள் திரும்பும் மகனைப் போல ஜும்பேர் தாழிக்குள் இறங்குகிறார்’ என்று ஒரு வரி. லமாரா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, இவரை மேலும் கீழும் பார்த்து, “அந்தம்மா பாவம்” என்றாள்.

இன்றைக்கு அந்தச் சபை நேரில் வருகிறது. ஜும்பேருக்கு நாயகர் பட்டம் கொடுத்து, தோளில் சோஹா அங்கி போர்த்திவிட்டுப் போகும். மார்பில் தோட்டா வரிசை வைத்த, கறுத்த, நீளமான, அசல் கம்பளி அங்கி. கலாச்சார மாளிகையில் இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுக்குப் பொன்னாடை போர்த்தியே கை ஓய்ந்தவருக்கு அந்த அங்கி தூக்கத்திலும் வந்தது. யாராவது கேட்டால் தாழிக்குள் எப்படி இருக்கும் என்று ஒரு வரியாவது உண்மையாகச் சொல்லவேண்டுமே என்றுதான், லமாரா ரொட்டி வாங்கப் போன நேரமாகப் பார்த்து, போன வாரம் ஒயினை மாற்றிவிட்டு முதல் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த மூலைத் தாழிக்குள் இறங்கினார்.

ஜார்ஜியாவின் சரித்திரத்தில் இதுவரை நடக்காத ஒன்று பத்தே முக்காலுக்கு நடந்தது. விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டார்கள். வேன் கதவு இழுபடும் சத்தம், நாய், அப்புறம் பெசாரியோனின் குரல். தூரத்துப் பனிமலையைப் பார்த்து அவர் ஏதோ முழங்கினார். மலை பதில் பேசாததால் ஆற்றைப் பற்றியும் முழங்கினார். அலசானி ஆற்றுக்கு அக்கரைச் சப்பெராவித் திராட்சையில் சீனி தங்கும், இக்கரைச் சப்பெராவியில் எலும்பு இருக்கும் என்றார். இக்கரையில் ஒயின் குடித்துக்கொண்டே அக்கரையைத் திட்டுவதும், அக்கரையில் குடித்துக்கொண்டே இக்கரையைத் திட்டுவதும் எங்கள் பக்கத்தில் மரியாதைதான்.

மாரணிக் கதவு திறந்தது. மேசைவிரிப்போடு லமாரா. மடித்து வைத்த பேண்ட்டின் முன்னால் அவள் காலடி நின்றது. பிறகு மூலைக்கு வந்தது. தாழியின் வாயில் அவள் முகம் தெரிந்தது.

“இங்க என்ன பண்ற?”

“மெதுவாப் பேசு.”

“கேக்கறேன்ல.”

“சும்மா, பழகிப் பாக்கலாம்னு எறங்கினேன்.”

“ஒனக்கு எதுக்குப் பழக்கம்? ஒன் கைதான் கழுவுதுன்னு நாலு பக்கம் போட்டிருக்கே.” மேசைவிரிப்பை வாயில் அமுக்கிக்கொண்டு, தோள் குலுங்க, அவள் கொஞ்ச நேரம் காணாமல் போனாள். திரும்ப வந்தபோது கண்ணில் தண்ணீர். “சரி, கையக் குடு. வெளிய வர வழி இருக்கு.”

முற்றத்தில் ஐந்தாறு குரல்கள் நெருங்கின. அரை டிராயரோடு, முழங்கால் வரை சாயத்தோடு, சபைத் தலைவர் முன்னால் மண்ணுக்குள்ளிருந்து முளைப்பதை ஜும்பேர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். கையைக் கொடுக்கவில்லை. எல்லோரையும் மேல்மாடிக்குக் கூட்டிப் போ, அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து எடுத்துவிடு, கேட்டால் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன் என்று சொல் என்றார். பெசாரியோன் இங்கேதான், தாழிகள் பக்கத்தில்தான் சாப்பிடுவேன் என்று பிடிவாதமாக இருப்பதாக லமாரா சொன்னாள்.

“அப்ப பட்டத்த என் சார்பா பக்கத்து வீட்டு ஷால்வா வாங்கிக்கட்டும். அங்கியக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. அதுவரைக்கும் நான் இருந்துக்கறேன்.”

“ஒயினப் பண்ணினது யாருன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?”

“என் பேரச் சொல்லு. இன்னிக்கு ஒரு நாள்.”

“பதினோரு வருஷமா அந்த ஒரு நாள்தான் நடக்குது,” என்று சொல்லிவிட்டு, லமாரா அவர் துணிகளை அள்ளிக்கொண்டு, மரமூடியை இழுத்து, நாலு விரல் இடைவெளி விட்டு வைத்தாள்.

இப்படியாக ஜும்பேர் தன் பட்டமளிப்பு விழாவை அடியிலிருந்து கேட்க ஆரம்பித்தார்.

மேசை வந்தது. பெஞ்சுகள் வந்தன, அதில் ஒன்றின் கால் மூடிக்கு மேலேயே ஊன்றியது. தட்டுகளின் சத்தத்தை வைத்தே எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. அக்ரூட் அரைத்துத் தடவிய கத்தரிக்காய். துஷேத்தி மலையிலிருந்து ஆட்டுத்தோல் பைக்குள் வரும் நாற்றமெடுத்த பாலாடைக்கட்டி. மண்ணடுப்பில் ஒட்டிச் சுட்ட நீள ரொட்டி, கையால் பிய்க்கும்போது எழும் சத்தம். பிறகு முற்றத்திலிருந்து அந்த வாசனை: கவாத்து செய்த சப்பெராவிக் குச்சிகளை எரித்து, தணல் விழுந்த பிறகு, கம்பியில் கோத்த பன்றிக்கறி. கொழுப்பு தணலில் சொட்டும் வாசனை நாலு விரல் இடைவெளி வழியாக இறங்கி வந்து அவர் மூக்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. காலையில் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டால் இறங்கச் சௌகரியம் என்று ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஷால்வாதான் தமாதா, அதாவது விருந்தை நடத்தி ஒவ்வொரு கோப்பைக்கும் வாழ்த்துச் சொல்கிறவர். எழுபது வயது, ஊர்க் குடிநீர்த் தொட்டியின் காவலாளி. கடவுளுக்கு ஒன்று சொன்னார், நாட்டுக்கு ஒன்று, செத்தவர்களுக்கு ஒன்று. செத்தவர்களுக்குச் சொல்லும்போது ஜும்பேருக்கு உள்ளே குளிர்ந்தது.

லமாரா இரண்டாவது தாழியைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றினாள். அது நிஜமான சப்பெராவி, நாக்கைக் கறுப்பாக்கும், கோப்பை கவிழ்ந்தால் மேசைவிரிப்பை வாழ்நாள் முழுக்க விடாது. பெசாரியோன் முகர்ந்தார். பழைய குதிரைச் சேணம் தெரிகிறது என்றார். தூரத்து மழைக்கு முந்தைய புகையிலைக் கடை தெரிகிறது என்றார். ஒரு ஆணின் முரட்டு உள்ளங்கை தெரிகிறது, இதைப் பெண்கை செய்யவே முடியாது என்றபோது, யாரோ தட்டு மாற்றும் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்தது. அப்புறம் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் படித்தார். எந்த ஒயினுக்கு என்ன சாப்பாடு என்று சபை ஆராய்ந்து அச்சடித்த அட்டை. இந்தச் சப்பெராவிக்குக் கருஞ்செர்ரியில் வேகவைத்த வாத்து, கன்றின் கன்னக்கறி, எழுபது சதவீதக் கசப்புச் சாக்லேட். பன்றிக்கறி கூடவே கூடாது, அது இந்த ஒயினின் ஆன்மாவைக் காயப்படுத்தும் என்றார். பன்றி என்ற சொல் கொஞ்சம் குழறியது, வாயில் அது இருந்ததால். கம்பிகள் மேசையில் விழும் சத்தத்தை ஜும்பேர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். பெசாரியோன் பக்கத்தில் நாலு.

விழாநாயகர் எங்கே என்ற கேள்வி வந்தது. தோட்டத்துக்குப் போயிருப்பதாக லமாரா சொன்னாள். தன் பட்டமளிப்பு நாளில்கூடக் கொடியைப் பிரிய முடியாத மனிதர் என்று பெசாரியோன் உருகினார். சபை உறுப்பினர்களில் ஒருத்தர் அதைக் குறித்துக்கொண்டார். ஜும்பேருக்கு அந்த நிலையிலும் காது குளிர்ந்தது. இன்னும் அரைமணி நேரம், அங்கியை ஷால்வாவிடம் கொடுப்பார்கள், வேன் கிளம்பும், நான் வெளியே வந்து அணிந்துகொண்டு கண்ணாடி முன்னால் நிற்பேன் என்று கணக்குப் போட்டார்.

அப்போதுதான் பெஞ்சு நகர்ந்தது.

பெசாரியோன் எழுந்து நின்று, தகப்பனாரின் தாழியைச் சுவைக்காமல் நான் பட்டம் கொடுப்பதாக இல்லை என்று அறிவித்தார். மூலைத் தாழி, பெரியது, ஜும்பேர் தன் வாயால் சொன்னது. லமாரா வேகமாக வந்தாள். அது இன்னும் ஆகவில்லை, வேறொன்று ஊற்றுகிறேன் என்றாள். ஆகாத ஒயினில்தான் உண்மை இருக்கும் என்றார் அவர். அது ஒயினே இல்லை என்றாள். அடக்கம் என்று சிரித்தார். கடைசியில், “கல்பட்டோனோ லமாரா, நீங்க ரொட்டியப் பாருங்க. தாழிய ஆம்பளைங்க பாத்துக்கறோம்,” என்று, அம்மணி போட்டு, மிகுந்த மரியாதையோடு, அவளை நகர்த்திவிட்டார்.

மூடி விலகியது. ஜும்பேர் சட்டென்று குந்தி, தாழியின் வயிறு அகன்றிருக்கும் இருட்டுப் பக்கமாக ஒதுங்கினார். நீளக் காம்பு வைத்த சுரைக்குடுக்கைக் கரண்டி மேலிருந்து இறங்கியது. அது முதலில் அவர் தலையைத் தட்டியது.

“கெட்டியா இருக்கு,” என்றார் பெசாரியோன். “மண்டி மேலேயே நிக்குது. நல்ல அடையாளம்.”

கரண்டி அவர் காதைத் தடவிக்கொண்டு தோளுக்கு வந்தது. இன்னும் ஒரு நிமிடம் விட்டால் அந்த ஆள் டார்ச் கேட்பார். ஜும்பேர் வேறு வழியில்லாமல் கரண்டியை மெல்லப் பிடித்து, கால்களுக்கு நடுவே இறக்கி, தாழி கழுவிய தண்ணீரில் சாய்த்து, நிறைய நிரப்பிக் கொடுத்தார். இரண்டு மணி நேரமாக அவர் நின்று, வழுக்கி, வியர்த்துக் கலக்கியிருந்ததால் தண்ணீர் நல்ல சிவப்பாகவே இருந்தது.

மேலே ஏழு கோப்பைகளில் அது ஊற்றப்பட்டது. பெசாரியோன் வாயில் வைத்து உருட்டினார். சப்பெராவி தன் இரும்புச் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறது என்றார் பிறகு. கல்லின் மௌனம். முடிவில் ஒரு நூலிழை உப்பு. இவ்வளவு லேசான கையை இந்தப் பள்ளத்தாக்கில் தான் கண்டதே இல்லை. உறுப்பினர்கள் ஐந்து பேரும் உப்பைக் கண்டுபிடித்தார்கள். ஒருத்தர் மட்டும் ஏலக்காயும் கண்டுபிடித்தார். அட்டையில் இடம் பார்த்து, ‘ஆற்று மீன், எலுமிச்சை இல்லாமல்’ என்று பேனாவால் எழுதிக்கொண்டார்கள்.

ஷால்வாவின் கருத்தையும் கேட்டார்கள். எழுபது வருடமாக ஒயினும், முப்பது வருடமாகத் தொட்டித் தண்ணீரும் அறிந்தவர். விருந்தாளியை மறுத்துப் பேசும் பழக்கம் தமாதாவுக்கு இல்லை. ஷால்வா கோப்பையைப் பார்த்தார். லமாரா இருந்த திசையைப் பார்த்திருக்கவேண்டும்.

“சுத்தமா இருக்கு,” என்றார்.

இதோடு முடிந்திருந்தால் ஜும்பேர் இன்றைக்கும் நாயகராக நடமாடிக்கொண்டிருப்பார். ஆனால் பெசாரியோனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. இந்தத் தாழியை இனி யாரும் தொடக்கூடாது, இலையுதிர் காலத்தில் சபையின் ஆண்டு விருந்துக்கு நானே வந்து திறப்பேன், இப்போதே என் கண்முன்னால் மூடி முத்திரை வைக்கவேண்டும் என்றார். முத்திரை மோதிரம் விரலிலேயே இருந்தது. மரமூடியெல்லாம் போதாது என்று இரண்டு உறுப்பினர்கள் முற்றத்திலிருந்து பலகைக்கல்லைத் தூக்கி வந்தார்கள். அது வரும் சத்தம் ஜும்பேருக்கு முதுகுத்தண்டில் கேட்டது. அதைத் தூக்க லமாராவே இரண்டு ஆளைத் துணைக்குக் கூப்பிடுவாள். உள்ளேயிருந்து தள்ளுகிற கல் இல்லை அது.

கல் விளிம்பில் ஏறியது. தாம்பாள அகல வெளிச்சம் தட்டாகி, தட்டு அரிவாளாகியது. மூச்சு தனக்கே சத்தமாகக் கேட்டது. கத்தினால் ஊர் முழுக்கச் சிரிக்கும், பத்திரிகை சிரிக்கும், திபிலிசி சிரிக்கும். கத்தாவிட்டால் அக்டோபர். அவள் விடமாட்டாள், அவர்கள் வேன் திரும்பியதும் திறந்துவிடுவாள் என்று ஒரு மனம் சொன்னது. முத்திரையை உடைத்தால் பட்டம் போய்விடுமே என்று இன்னொரு மனம் சொன்னதைக் கேட்டு அவருக்கே பயமாக இருந்தது.

ஈரக் களிமண் வாளியோடு லமாரா வந்து உட்காரும் அரவம். முழு வெளிச்சத்தையும் அவள் முகம் மறைத்தது. கீழே இருட்டுக்குள் அவர் கண் இருக்கும் இடத்தை நேராகப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, பெசாரியோனிடம், இங்கே ஒரு வழக்கம் உண்டு, அதைச் செய்யாமல் மண் வைக்கக்கூடாது என்றாள்.

“என்ன வழக்கம்?”

“மூடறதுக்கு முன்னாடி, ஒயினப் பண்ணினவங்க பேர உள்ள சொல்லணும். சரியான பேர்னா தாழி திருப்பிச் சொல்லும்.”

“சொல்லாட்டி?”

“சொல்லாட்டி, அந்தப் பேருக்கு உரிய ஆள் அதுக்குத் தெரியாதுன்னு அர்த்தம். அப்படியே மூடிட வேண்டியதுதான்.”

எழுபது வருடத்தில் அப்படியொரு வழக்கத்தைக் கேள்விப்படாத ஷால்வா, எங்கள் தாத்தா இதைத் தவறவே விடமாட்டார் என்றார். உறுப்பினர் ஒருத்தர் எழுதிக்கொண்டார். இன்னொருத்தர் காமிராவைத் தயார் செய்தார்.

பெசாரியோன் மண்டியிட்டு, குரலைக் கனமாக்கி, தாழிக்குள், “ஜும்பேர்,” என்றார்.

அவர் வாயிலிருந்து பன்றிக்கறி வாசனை வந்தது. ஜும்பேர் வாயைத் திறந்தார். தன் பெயரைத் தானே சொல்லவேண்டும், அவ்வளவுதான். பதினோரு வருடமாக நாலாயிரம் பாட்டிலில் சொன்ன பெயர். இதைச் சொன்னால் அங்கி. சொன்ன மறுகணம் கல். அதன்மேல் களிமண்ணைப் பூசும் கை லமாராவுடையது. மேலே இருக்கும் ஏழு பேருக்கும் அந்தப் பெயருக்குரிய ஆள் தோட்டத்தில் இருக்கிறார், தாழிக்குள் தேட ஒருவரும் வரமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டார்.

“கேக்கலியோ என்னவோ,” என்று ஷால்வா இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். ஜும்பேரின் அப்பா பெயரைச் சொல்லலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சொன்னார்கள். ரயில்வே டிக்கெட் பரிசோதகரும் பதில் சொல்லவில்லை.

“சரி,” என்றாள் லமாரா. “கல்ல நகத்துங்க.”

அரிவாள் வெளிச்சம் நூலாகியது.

“லமாரா,” என்றது தாழி.

மேலே எதுவோ உடைந்தது. பெசாரியோன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்த இடத்தில் கறிக்கம்பிகள் இருந்திருக்கவேண்டும். அப்படியொரு சத்தம் போட்டார். யாரும் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லவில்லையே என்று ஒரு உறுப்பினர் நடுங்கிக்கொண்டே சொன்னார்.

“லமாராதான்,” என்றது தாழி மறுபடியும், இந்தத் தடவை அழுகிற குரலில். “தோட்டம் அவளுது. மிதிக்கறது அவ. கழுவறது அவ. நான் லேபிள் மட்டும் ஒட்டினேன், அதுவும் பாதி கோணல். கல்ல எடுங்கப்பா, மூச்சு முட்டுது.”

கல்லை எடுத்தார்கள். ஐந்து முகங்கள், ஒரு காமிரா, அப்புறம் பெசாரியோன், வரிசையாக எட்டிப் பார்த்தன.   லமாரா அவர்களை விலக்கிவிட்டு, களிமண் கையோடு குனிந்தாள்.

“ரெண்டு கையையும் மேல வெக்காத. ஒண்ணு மேல, ஒண்ணு தொடையோட ஒட்டி. மூச்ச உள்ள இழுக்காத, மூச்சு பூரா விடு. விட்டியா? இப்ப எடப்பக்கமா திரும்பிட்டே வா.”

“எவ்ளோ நேரம் மூச்ச விட்டே இருக்கறது?”

“நீ பேசாம இருக்கற நேரம்தான. கொஞ்சம்தான் இருக்கும், சீக்கிரம் வா.”

அவள் மேலே இருந்த கையை இழுத்தாள். தொப்பை கழுத்தில் மறுபடியும் யோசித்தது. பிறகு, திருகாணி கழல்வது போல, ஜும்பேர் மண்ணிலிருந்து சுழன்று வெளியே வந்து, மேசைக்குப் பக்கத்தில் குப்புற விழுந்தார். அரை டிராயர். மார்பு வரை கருஞ்சிவப்பு. சப்பெராவிச் சாயம் சோப்பில் போகாது, வாரக்கணக்கில் நிற்கும்.

ஷால்வாதான் முதலில் சுதாரித்தார். விருந்தில் பெண்கள் இருக்கும்போது இப்படி இருக்கக்கூடாது என்று, கைக்கெட்டிய துணியை எடுத்து அவர்மேல் போர்த்தினார். கைக்கெட்டியது சோஹா அங்கி. தோட்டா வரிசையெல்லாம் வைத்து, மடிப்புக் கலையாமல், உறுப்பினர் ஒருவரின் மடியில் இருந்தது. ஜும்பேர் அதற்குள் உட்கார்ந்து பல் கிட்டிக்க நடுங்கினார். இத்தனை வருடக் கனவு தோளில் இருந்தது. அதைத் துவாலையாகத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

பெசாரியோன் நெடுநேரம் தாழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லமாராவைத் தனியாக அழைத்து, ரொம்பத் தாழ்ந்த குரலில், அப்படியானால் நாங்கள் குடித்தது என்ன என்று கேட்டார். அவளும் தாழ்ந்த குரலிலேயே சொன்னாள். அவர் அட்டையை எடுத்து, ஆற்று மீன் என்ற இடத்தைப் பார்த்து, மெதுவாக நாலாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் யாரையும் குறை சொல்லும் நிலையில் இல்லை. ஜும்பேரும் அவரை நிமிர்ந்து பார்க்கும் நிலையில் இல்லை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், கொஞ்சம் தள்ளி, ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். சபை எழுந்திருக்கப் பார்த்தது.

தமாதா கையைக் காட்டி எல்லோரையும் உட்காரவைத்தார். ஒயினைப் பண்ணினவருக்கு இன்னும் வாழ்த்துச் சொல்லவில்லை, அதைச் சொல்லாமல் எழுந்தவன் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை என்றார். இரண்டாவது தாழியிலிருந்து ஊற்றச் சொன்னார். ஊற்றுகிறவள் வழக்கமாக லமாரா என்பதால் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஷால்வா ஜும்பேரைப் பார்த்தார். ஜும்பேர் அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்து ஊற்றினார். கொஞ்சம் சிந்தியது.

ஷால்வா லமாராவைப் பற்றி இரண்டு வரிதான் சொன்னார். பிறகு கோப்பையை அவள் பக்கம் நீட்டி, “அலவெர்தி உங்ககிட்ட,” என்றார். பேச்சை அடுத்தவர் கையில் கொடுப்பதற்கு எங்கள் மேசையில் அதுதான் சொல். வாங்கிக்கொண்டவர் பேசி முடிக்கும்வரை யாரும் குடிக்கக்கூடாது, சாப்பிடக்கூடாது, எழுந்து போகவும் கூடாது. வீட்டுக்காரன் கோப்பையோடு நிற்கவேண்டும். இந்த மாரணியில் எத்தனையோ விருந்து நடந்திருக்கிறது. அவள் கைக்கு அது வந்தது இதுதான் முதல் தடவை.

லமாரா கையிலிருந்த களிமண்ணை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து பார்த்து, கீழே வைத்தாள்.

“என் மொத அறுவட அன்னிக்கு மழ,” என்று ஆரம்பித்தாள்.

யார் யார் வந்தார்கள், எந்தக் கூடை கிழிந்திருந்தது, எந்த வரிசையில் பூஞ்சணம் விழுந்தது, கந்தகம் எவ்வளவு போட்டாள், பழத்தோல் எத்தனை நாள் மிதந்தது, எத்தனையாவது நாள் அமிழ்ந்தது, தாழியின் விளிம்பில் காதை வைத்து எப்படிக் கேட்டாள், அந்தச் சத்தம் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் எப்படி மாறும் என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. உறுப்பினர்கள் முதலில் எழுதினார்கள், பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள், பிறகு கறி ஆறுவதைப் பார்த்தார்கள். பெசாரியோன் இரண்டு தடவை கோப்பையை உதடு வரை கொண்டுபோனார். ஷால்வா இரண்டு தடவையும் இருமினார்.

ஜும்பேர் நின்றுகொண்டிருந்தார். அங்கிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு இடத்தில், இல்லை, அது தெற்கு வரிசை இல்லை, கிழக்கு வரிசை என்று திருத்த வாயெடுத்து, தனக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்து, நிறுத்திக்கொண்டார். கால் கடுத்தது. ஓட்டுநர் கதவருகே வந்து பார்த்துவிட்டு, உள்ளே நிலைமையைப் புரிந்துகொண்டு, வேனின் என்ஜினை அணைத்தார்.

மலைமேல் வெயில் மஞ்சளாகும்போது லமாரா இரண்டாவது அறுவடைக்கு வந்திருந்தாள்.